வெசாக் ஓர்க்கிட் குருவிச்சையன்று

தோட்டத்துப் பலாவிலோ மாவிலோ ஓர்க்கிட் செடியைக் கண்டால் அதனைச் சுரண்டி எறியும் வழக்கம் கமக்காரர் சிலரிடம் உண்டு. மரத்தின் சாரத்தை அது உறிஞ்சுகின்றது என்பது அவர்கள் கூறும் காரணம். இக்கருத்துத் தவறானது. குருவிச்சை தன் உறிஞ்சியை மரத்தினுள்ளே செலுத்தி நீரையும் உப்புக்களையும் கவர்கின்றது. அதனை வெட்டி அகற்றுதல் முறையே. ஓர்க்கிட்டோ மேலொட்டி. அது பட்டையைப் பற்றி நிற்குமேயன்றி உள்ளே புகுவதில்லை.

அதன் வேரைச் சுற்றிப் பஞ்சு போன்ற வெண்ணிற உறை ஒன்றுண்டு. இறந்த கலங்களாலான இவ்வுறை மழைநீரையும் பனிநீரையும் விரைவில் உறிஞ்சிக்கொள்ளும். பட்டையில் வழியும் நீரிற் கரைந்துள்ள உப்பும், கவட்டிற் சிக்கி உக்கிய இலையும் அதற்கு உணவாகும். போகந்தோறும் மூடை மூடையாகப் பசளை கேட்கும் நெல்லோடு ஒப்பிடின் இஃது எத்துணை எளிய குடி!

இவ்வினங்களுள் இலங்கைக்கே உரியது வெசாக் ஓர்க்கிட். வேறெந்த நாட்டுக் காட்டிலும் இது இயற்கையாய் வளர்வதில்லை. களுத்துறை, இரத்தினபுரி, காலி மாவட்டங்களின் தாழ்நிலக் காடுகளில், நிழலும் ஈரமும் மிக்க இடங்களிலுள்ள மரங்களில், மெல்லிய தண்டுகள் கீழ்நோக்கித் தொங்க இது வளரும். மே மாதத்தை அண்டி, வெசாக் காலத்தில், 2 அங்குலத்துக்கு மேல் அகன்ற இளஞ்செவ்வூதா மலர்கள் விரியும். பேராதனைப் பூங்காவின் தலைவராயிருந்த துவைற்சு, அக்காலக் குடியேற்றச் செயலாளரான மக்காத்தியின் மனைவியாருடைய பெயரை இதற்குச் சூட்டினார். 1855 இல் அப்பெயர் அச்சேறியது. பெயர் பெற்றபின் இம்மலரை விரும்புவோர் பெருகினர், செடியோ அருகியது.

அருகுவதற்குக் காரணம் காடழிதல் மட்டுமன்று. ஒரு காயில் ஆயிரக்கணக்கான வித்துக்கள் இருப்பினும் அவை தூசியளவே. முளைக்கு வேண்டிய உணவு அவற்றில் இல்லை. பட்டையில் வாழும் தகுந்த பங்கசு கிடைத்தாலன்றி ஒன்றேனும் முளையாது. முளைத்த நாற்றுப் பூப்பதற்கும் ஆண்டுகள் பல செல்லும். ஆகவே பூத்து நிற்கும் செடியை எடுப்பவர் ஒரு செடியை மட்டும் எடுப்பதில்லை, விதைநெல்லையே எடுத்துவிடுகின்றார்.

வெசாக் காலத்தில் காட்டோரக் கமக்காரருக்கு இது கைக்காசு தரும் பொருளாகத் தோன்றலாம். 1937 ஆம் ஆண்டின் விலங்கினத் தாவரவினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இத்தகைய செடிகளைக் காத்து நிற்கின்றது. எனினும் விற்பவரை மட்டும் குறைகூறுதல் நீதியன்று. வாங்குபவர் இருப்பதனாலேயே செடி காட்டைவிட்டு வெளியேறுகின்றது. வாங்கியவரின் வீட்டு வெயிலிலும் வரட்சியிலும் அது நெடுநாள் நிற்பதுமில்லை. 1922 இல் அமெரிக்க அறிஞர் நட்சன், சீனி கலந்த ஏகார் ஊடகத்திற் பங்கசின்றியே ஓர்க்கிட் வித்துக்களை முளைப்பித்துக் காட்டினார். அம்முறையில் நாற்றுமேடையில் வளர்த்த செடிகளை விற்பதே தக்க தொழில். மரக்கறி நாற்றைப் பேணத் தெரிந்த கை இதற்கும் பழகும்.

தோட்டத்து மரத்தில் ஓர்க்கிட் இருப்பின் அதனை அவ்விடத்திலேயே விடுக. காற்றில் முறிந்த கிளையோடு விழுந்ததாயின், கரடான பட்டையுள்ள நிழல் மரமொன்றில், வேர் பட்டையைத் தொடுமாறு வைத்துத் தென்னந்தும்பினாற் கட்டுக. மண் இடுதல் கூடாது, வேர் அழுகிவிடும். மழையில்லா நாட்களிற் காலையில் நீர் தெளித்தாற் போதும்.