பச்சைப் புள்ளிகளும் கண் வலியும்

கண்ணில் மணல் விழுந்தாற்போல் உறுத்துகிறது என்று ஒருவர் மருத்துவரிடம் செல்கிறார். மருத்துவர் ஆரஞ்சு நிறச் சாயம் தோய்ந்த காகிதப் பட்டையை உப்புநீரில் நனைத்து, கீழிமையின் உட்புறத்தில் மெல்லத் தொடுகிறார். பிறகு நீல ஒளியைப் பாய்ச்சி உருப்பெருக்கிக் கருவியில் பார்க்கிறார். கார்னியா என்னும் விழிவெண்படலத்தின் மேல் பச்சைப் புள்ளிகள் மின்னுகின்றன.

இச்சாயத்தின் பெயர் ஃப்ளூரசீன். 1871இல் ஜெர்மானிய வேதியியலறிஞர் அடால்ஃப் ஃபான் பேயர் தயாரித்தது. நீல ஒளியை உட்கொண்டு பச்சை ஒளியை உமிழும். (1877இல் டான்யூப் ஆற்று நீர் பூமிக்குள் மறையும் இடத்தில் இதைக் கலந்தார்கள். ஏறத்தாழ 60 மணி நேரம் கழித்து, 12 கிலோமீட்டருக்கு அப்பால் ஆக் ஊற்று பச்சையாகப் பொங்கியது!) நீர் எங்கே கசிகிறது என்று காட்டுவதே இதன் வேலை. கார்னியாவின் மேற்புறச் செல்கள் இறுக்கமாக இணைந்தவை. கண்ணீர் குறைந்தோ, விரைவில் ஆவியாகியோ கண் உலரும்போது அந்த இணைப்பு சிதைகிறது. அங்கே சாயம் புகுகிறது. புள்ளிகளின் நெருக்கத்தை மாதிரிப் படங்களோடு ஒப்பிட்டு 0 முதல் 5 வரை மதிப்பெண் இடுவார்கள்.

மதிப்பெண் வந்தவுடன் நோயையே அளந்துவிட்டதாக எண்ணுகிறோமே, அதில்தான் எனக்கு உடன்பாடில்லை. புள்ளிகள் மிகக் குறைவாக இருந்தும் எரிச்சல் தாங்காமல் தவிப்பவர்கள் உண்டு. கார்னியா முழுவதும் பச்சை படர்ந்தும் வலியே தெரியாதவர்களும் உண்டு. நாள்பட்ட நோயில் அங்குள்ள நரம்புகளின் உணர்ச்சி மங்கிவிடுவது இதற்கு ஒரு காரணம். அப்படியிருக்க, "புள்ளி இல்லை, உங்களுக்கு ஒன்றுமில்லை" என்று நோயாளியைத் திருப்பி அனுப்புவது எந்த வகையில் அறிவியல்?

சாயத்தின் பேச்சை நாம் தவறாகப் புரிந்துகொண்டதும் உண்டு. ஸ்வீடன் நாட்டுக் கண் மருத்துவர் ஷோகிரென் 1933இல் ரோஸ் பெங்கால் என்ற செந்நிறச் சாயத்தைக் கொண்டு உலர்கண்ணை ஆராய்ந்தார். அது இறந்த அல்லது நலிந்த செல்களில் மட்டுமே படியும் என்று வெகுகாலம் நம்பினார்கள். உயிருள்ள செல்களிலும், மேலே மியூசின் என்னும் வழுவழுப்பான காப்புப் பூச்சு இல்லையென்றால், அது படியும் என்பது 1992இல் வெளியான ஆய்வில் தெரியவந்தது.

2017இல் பன்னாட்டு வல்லுநர் குழு வகுத்த முறையில் முதலிடம் கேள்வித்தாளுக்குத்தான். எப்போது எரிகிறது, படிக்கும்போது பார்வை மங்குகிறதா என்றெல்லாம் நோயாளியைக் கேட்டறிந்த பின்பே சாயம் முதலிய சோதனைகள் வருகின்றன. கேள்வித்தாளுக்குச் சில நிமிடங்கள் போதும், செலவும் இல்லை. சாயத்தின் மதிப்பெண்ணுக்குப் பக்கத்திலேயே அந்த விடைகளையும் நோயாளியின் சீட்டில் எழுதிவைக்க வேண்டும் என்பேன்.