பக்ஷிராஜனுக்கு ஒரு பதில் வேணும்

போன கிழமை மழை விடாமல் பெய்த ஒரு இரவு, உரும்பிராயில் கூட்டாளி வீட்டு விறாந்தையில் ஆறு பேர் சேர்ந்து லப்டொப்பில் ‘2.0’ படத்தைத் திரும்பப் பாத்தம். 2018 கார்த்திகையில் படம் வந்தபோது நாங்கள் பள்ளிக்கூடப் பிள்ளையள். தியேட்டரில் 3டி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முகத்துக்கு நேரே பறந்து வந்த போன்களைக் கையை நீட்டிப் பிடிக்கப் பாத்த ஆக்கள். இந்த முறை கண்ணாடி இல்லை. அதனாலதானோ என்னவோ, படத்தில் என்ன இல்லை எண்டது வடிவாத் தெரிஞ்சது.

‘எந்திரன்’ (2010) படத்தில் ஒரு காட்சி. தீப்பிடித்த கட்டடத்தில் குளித்துக்கொண்டிருந்த பெண்ணைச் சிட்டி அப்படியே வெளியே தூக்கி வரும். உயிரைக் காப்பாத்தியாச்சு எண்டு அது நினைக்கும். அத்தனை பேருக்கும் முன்னால் கூனிக்குறுகின அந்தப் பெண், ஓடிப்போய் வாகனத்தில் அடிபட்டுச் செத்துப்போவாள். மானம் எண்டால் என்ன எண்டு ஒரு இயந்திரத்துக்கு எப்பிடி விளங்கப்படுத்துறது? படத்தின் மிச்சக் கதை அந்தக் கேள்வியில் இருந்துதான் வளருது. ஐஸ்வர்யா ராயும் பாட்டுகளும் நடுவில வந்தாலும் கேள்வி தொலையேல்லை. அந்த எழுத்தில் சுஜாதாவின் கையும் இருந்தது.

‘2.0’ படத்திலும் ஒரு நல்ல கேள்வி இருக்கு. ஊரில் உள்ள போன் எல்லாம் கையை விட்டுப் பறந்து போற முதல் பகுதி இப்பவும் பயமாத்தான் இருக்கு. பிறகு பறவையியல் அறிஞர் பக்ஷிராஜனின் கதை வருது. டவர் கதிர்வீச்சால் குருவிகள் சாகுது எண்டு அலைஞ்சு, நீதிமன்றத்திலும் தோற்று, ஒருத்தரும் கேக்காமல் டவரிலேயே உயிரை விட்ட மனுசன்.

அவரைப் படம் என்ன செய்யுது? பேயாக்குது. ‘ஓரா’ எண்டு பேர் மாத்தினாப்போல ஆவி விஞ்ஞானம் ஆகாது. ‘முனி’ (2007) தொடக்கம் 2019இல் வந்த ‘காஞ்சனா 3’ வரை ராகவா லோரன்ஸ் தந்த அதே சமையல்தான்: அநியாயமாச் சாவு, ஆவி, பழிவாங்கல், இன்னொருத்தர் உடம்பில் ஏறுதல். ஒரு வித்தியாசம். ‘காஞ்சனா’வில் கதாநாயகன் கடைசியில் ஆவியின் பக்கம் நிப்பான், ஆவிக்கு நீதி கிடைக்கும். இங்க குட்டிச் சிட்டிகள் புறாக்களைப் பணயம் வைச்சுப் பக்ஷிராஜனை மிரட்டுதுகள். பறவைக்காக உயிரை விட்டவரைப் பறவையைக் காட்டியே மடக்கிறதைப் பாத்து நாங்கள் கைதட்ட வேணுமாம். எல்லாம் முடிஞ்ச பிறகு, அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கு எண்டு வசீகரன் அமைச்சரிட்டச் சொல்லுவார். ஒரு மனுசனின்ர முழு வாழ்க்கைக்கும் அவ்வளவுதான் பதில்.

மசாலாப் படத்திட்ட உவ்வளவு எதிர்பாக்கலாமோ எண்டு கேப்பீங்கள். கேள்வியைக் கேட்டது படம், நாங்கள் இல்லை.

பக்ஷிராஜன் சொன்னதும் முழுக்கச் சரி எண்டு நாங்கள் சொல்லேல்லை. டவர் கதிர்வீச்சுதான் குருவிகளை அழிக்குது எண்டதுக்கு உறுதியான நிரூபணம் இல்லை. கூடு கட்ட இடம் விடாத சீமெந்து வீடுகள், குஞ்சுக்குக் குடுக்கப் பூச்சியே இல்லாமல் செய்யிற கிருமிநாசினி எண்டு ஆய்வாளர்கள் வேற காரணங்களும் சொல்லீனம். உரும்பிராய்ச் செம்மண் தோட்டங்களில் மருந்து அடிக்கிற மணம் தெரியாத ஆக்கள் எங்களில் இல்லை. வசீகரன் உண்மையான விஞ்ஞானி எண்டால் பக்ஷிராஜனோட இருந்து வாதாடியிருக்க வேண்டியது இதைத்தான். பக்ஷிராஜனைப் பாத்தால் சலீம் அலியின் (1896–1987) ஞாபகம் வராமல் போகாது. சலீம் அலி பேயாகேல்லை. கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கை அணைக்கட்டுத் திட்டத்தில் இருந்து காப்பாற்றக் குரல் குடுத்த பலரில் அவரும் ஒருத்தர். 1984இல் அந்தக் காடு தேசியப் பூங்காவாச்சு.

இன்னொரு வேடிக்கை. படத்தைத் தயாரிச்சது லைக்கா; எங்கட நாட்டில் பிறந்த சுபாஸ்கரனின் நிறுவனம். வெளிநாட்டுச் சொந்தக்காரர் எடுத்த எத்தினையோ கோல்களுக்குப் பின்னால இருந்தது லைக்கா சிம்தான். சிம் வித்த காசில் போனுக்கு எதிரான படம்! அதைப் பிழை எண்டு சொல்லேல்லை. ஆனால் கேள்வி ஏன் பாதி வழியில் நிண்டது எண்டு யோசிக்கேக்க இதுவும் ஞாபகம் வருது.

எட்டு வருசம் ஆகப்போற படத்தை ஏன் இப்ப இழுக்கிறம்? 2025 ஆவணியில் மன்னார்ச் சனம் புதுக் காற்றாலைகளுக்கு எதிராகத் தெருவில இறங்கினது. அங்க ஏற்கனவே ‘தம்பபவனி’யின் 30 காற்றாலைகள் நிக்குது, 100 மெகாவாட். மன்னார், மத்திய ஆசியாவில் இருந்து வாற வலசைப் பறவைகளின் பாதை. நிலக்கரியை விடக் காற்று நல்லது எண்டதும் உண்மை. பறவை, வெள்ளம், மீன்பிடி எண்டு அந்தச் சனம் கேக்கிறதும் உண்மை. ரண்டு பக்கமும் நியாயம் உள்ள இப்பிடியான கேள்விக்குத்தான் அறிவியல் புனைவு வேணும். கேக்கிற ஆளை ‘அபிவிருத்திக்கு எதிரி’ ஆக்கிப்போட்டால் பதில் சொல்லத் தேவையில்லை. ஷங்கர் பக்ஷிராஜனுக்குச் செய்ததும் அதுதான்.

மூண்டாம் பாகம் எண்டு ஒண்டு வந்தால், தயவுசெய்து சிட்டியை இன்னும் சின்னதாக்க வேண்டாம். பக்ஷிராஜனை உயிரோட கொண்டு வாங்கோ. வசீகரனுக்கு முன்னால ஒரு கதிரை போட்டு இருத்தி, ரண்டு பேரையும் கதைக்க விடுங்கோ. கண்ணாடி இல்லாமலே நாங்கள் பாப்பம்.