கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்

டென்பின் பௌலிங்கைத் தொலைக்காட்சியில் பார்ப்பவர்களுக்குப் பாதி ஆட்டம்தான் கிடைக்கிறது. மீதிப் பாதி, லேன் மேல் பூசிய எண்ணெயில் இருக்கிறது. 60 அடி நீளப் பாதைக்குச் சுமார் இரண்டு மேசைக்கரண்டி அளவுதான் செலவாகும். ஆனால் அதை எங்கே, எதுவரை பூசினார்கள் என்பதில்தான் சாம்பியன்களே தடுமாறுகிறார்கள். அமெரிக்கத் தொழில்முறைச் சங்கமான பிபிஏ, இந்தப் பூச்சு வகைகளில் பலவற்றுக்கு விலங்குப் பெயர்களை வைத்திருக்கிறது. ‘சீட்டா’வில் எண்ணெய் 35 அடியிலேயே முடிந்துவிடும். பந்து சீக்கிரமே உலர்ந்த தரையைப் பிடித்துத் திரும்பிவிடுவதால், கட்டரை உரசுகிற மாதிரி ஓரமாக வீசியாக வேண்டும். எண்ணெய் நீண்டு ஓடும் ‘ஷார்க்’கில் அதே வீச்சுக்குத் திரும்ப இடமிருக்காது. பொழுதுபோக்கு அரங்குகளில் நடுவில் தாராளமாகவும் ஓரங்களில் கொஞ்சமாகவும் பூசுவார்கள். சற்றே தவறிய வீச்சும் பின்களைத் தேடிப் போய்விடும். யூ.எஸ். ஓபனில் அந்தச் சலுகை கிடையாது, அகலம் முழுக்க ஏறக்குறைய ஒரே அளவு. அங்கே 200 எடுப்பவரை வார இறுதி அரங்கில் 250 எடுப்பவரோடு ஒப்பிடுவது அநியாயம். போதாததற்கு ஒவ்வொரு பந்தும் எண்ணெயைத் துடைத்துக்கொண்டே போகிறது. முதல் ஆட்டத்தில் பலித்த கோடு மூன்றாவதில் கைவிடும். இவ்வளவையும் மறைத்துவிட்டு ஸ்ட்ரைக்கை மட்டும் காட்டினால், எல்லாம் கைபலம் என்றுதான் பார்ப்பவர் நினைப்பார். சில ஒளிபரப்புகளில் எண்ணெயில் நீலச் சாயம் கலந்தார்கள். பூச்சு எங்கே முடிகிறது என்பது பளிச்சென்று தெரிந்தது. அதை எல்லா ஒளிபரப்புக்கும் கட்டாயமாக்க வேண்டும். சாயம் முடியாதென்றால், ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்பும் வரைபடமாவது போடட்டும்.