கண்டனமும் வசையும்

காசு கொடுத்து ஒரு பொருளை வாங்கியவனுக்கு அது பிடிக்கவில்லையென்றால், பிடிக்கவில்லை என்று பகிரங்கமாகச் சொல்ல அவனுக்குப் பூரண பாத்தியதை உண்டு. நாடகமானாலும் நாவலானாலும், இந்தக் காலத்து வாலிபர்கள் இரவு பகலாக ஈடுபட்டிருக்கும் வீடியோ விளையாட்டானாலும் நியாயம் ஒன்றுதான். இதில் நமக்கு அபிப்பிராய பேதமில்லை. ஆனால் அந்தப் பாத்தியதையை எப்படிப் பிரயோகிப்பது என்பதில் அநேகருக்குத் தெளிவு இருப்பதாகத் தெரியவில்லை. 2020-ம் வருஷத்தில் அமெரிக்காவில் ஒரு பயங்கர விளையாட்டின் இரண்டாம் பாகம் வெளிவந்தபோது நிகழ்ந்தவற்றை இதற்கு உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். விளையாட்டுச் சமாசாரந்தானே என்று நேயர்கள் தள்ளிவிட வேண்டாம். பொதுஜன அபிப்பிராயம் பலம் பெறுவதும் பலம் இழப்பதும் எவ்விதம் என்பதை அது தெளிவாகக் காட்டுகிறது.

கலிபோர்னியா மாகாணத்திலுள்ள நாட்டி டாக் என்ற கம்பெனி 2013 ஜூன் மாதத்தில் 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' என்ற விளையாட்டை வெளியிட்டது. ஒருவகைப் பூஞ்சைக் காளான் மனிதர் மூளையில் பரவி அவர்களை ராட்சதர்களாக்கிவிடுகிறது. ராஜாங்கம் குலைந்து தேசம் பாழாகிறது. பெற்ற மகளைப் பறிகொடுத்த ஜோயல் என்பவன், அந்த நோய் பற்றாத எல்லி என்ற 14 வயதுப் பெண்ணைத் தேசத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு அழைத்துச் செல்கிறான். அவள் மூளையை அறுத்தால் மருந்து கிடைக்கலாம். ஆனால் அவள் பிழைக்கமாட்டாள் என்று தெரிகிறது. உடனே ஜோயல் சத்திர சிகிச்சை செய்ய நின்ற டாக்டரைக் கொன்று அவளை மீட்கிறான். பிறகு அவளிடமே பொய் சொல்லுகிறான். அவன் செய்தது தர்மமா அதர்மமா என்று விளையாடியவர்கள் ஏழு வருஷம் தர்க்கித்தார்கள். ஜோயலையோ அவர்கள் தங்கள் சொந்தத் தகப்பனைப்போல் நேசித்தார்கள்.

இரண்டாம் பாகம் 2020 ஜூன் 19-ந் தேதி வெளிவந்தது. ஏப்ரல் மாதக் கடைசியிலேயே அதன் ரகசியங்கள் கசிந்துவிட்டன. கதை தொடங்கிய சில மணி நேரத்துக்குள் ஜோயல் அடித்துக் கொல்லப்படுகிறான். கொன்றவள் ஆபி என்ற பெண்; முன்பு ஜோயல் கொன்ற டாக்டரின் மகள். அவளைப் பழிவாங்க எல்லி புறப்படுகிறாள். இதோடு நிற்கவில்லை. நடுவிலே கதை திரும்பி, அந்த ஆபியாகவே விளையாட்டில் ஏறக்குறையப் பாதியை நாம் நடத்த வேண்டியிருக்கிறது. எவளை வெறுத்தோமோ அவள் கண்ணாலேயே உலகத்தைப் பார்க்கும்படி ஆசிரியர்கள் செய்திருக்கிறார்கள்.

இதைக் கண்டு ஜனங்கள் கொதித்தெழுந்ததில் ஆச்சரியமில்லை. மதிப்பெண்களைத் திரட்டிப் பிரசுரிக்கும் மெட்டாகிரிட்டிக் என்ற ஸ்தாபனத்தில், பத்திரிகை விமர்சகர்கள் கொடுத்த சராசரி நூற்றுக்கு 93. பொதுஜனங்கள் கொடுத்ததோ முதல் சில நாட்களில் பத்துக்கு நான்குகூட இல்லை. கதையை முடிக்கச் சாதாரணமாக 25 மணி நேரமாவது வேண்டும். ஆனால் விற்பனைக்கு வந்த சில மணி நேரத்துக்குள் ஆயிரக்கணக்கானோர் சைபர் போட்டுவிட்டார்கள். அதைக் கண்டு ஆத்திரமடைந்த மற்றொரு கோஷ்டியார் பத்துக்குப் பத்து போட்டு நிரப்பினார்கள். கதையை முழுவதும் பாராமல் தீர்ப்புச் சொல்லுகிறவன் சைபர் போட்டாலென்ன, பத்து போட்டாலென்ன? இரண்டும் தீர்ப்பாகா.

அப்படியானால் குறை சொன்னவர்கள் எல்லோரும் வீணர்கள்தானா? அல்லவே அல்ல. அவர்கள் பட்சத்தில் பலமான நியாயங்கள் இருந்தன. முதலாவது, விளம்பரப் படத்தில் ஒரு கட்டத்தில் ஜோயல் எல்லிக்குத் துணையாக வந்து பேசுவதாகக் காட்டினார்கள். விளையாட்டிலோ அந்த இடத்தில் வருபவன் ஜெஸ்ஸி என்ற வேறொருவன். கதையின் ரகசியத்தைக் காப்பாற்றச் செய்த உபாயம் என்று சமாதானம் சொல்லலாம். நமது அபிப்பிராயத்தில், இல்லாத சரக்கைக் காட்டி இருக்கும் சரக்கை விற்பது யோக்கியமான வியாபாரமாகாது. இரண்டாவது, கதை உச்சத்தை எட்டும் தருணத்தில் அதை அறுத்து, மூன்று நாள் பின்னோக்கி இழுத்துச் செல்வது கட்டுக்கோப்பைக் கெடுக்கிறது என்றார்கள். மூன்றாவது, விளையாடுபவன் கையாலேயே கொலைகளைச் செய்வித்து, கொன்றது பாவமல்லவா என்று பிறகு அவனுக்கே உபதேசிப்பது நியாயமா என்று கேட்டார்கள். இவை யாவும் விமர்சகர்கள் பதில் சொல்லியே தீரவேண்டிய கேள்விகள்.

பதில் சொல்லவேண்டிய அவசியமே இல்லாமற்போனது எதனால்? வசையினால்! ஆபி என்ற பாத்திரத்துக்குக் குரலும் அங்க அசைவும் கொடுத்த நடிகை லாரா பெய்லி. கதையை எழுதியவர் அவரல்ல. ஜோயலைக் கொல்லத் தீர்மானித்தவரும் அவரல்ல. எழுதிக் கொடுத்ததை அவர் திறம்பட நடித்தார். அவ்வளவுதான். அந்த அம்மையாருக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. 2020 ஜூலையில் அவற்றில் சிலவற்றை அவரே உலகத்தாருக்கு எடுத்துக் காட்டினார். ராவண வேஷம் போட்டவனைத் தெருவில் கண்டு கல்லெறிகிறவனைக் கிராமத்தார்கூடப் பைத்தியக்காரன் என்பார்கள். நாகரிகத்தின் சிகரத்தில் நிற்பதாகச் சொல்லிக்கொள்ளும் தேசத்தில், படித்தவர்களே இதைச் செய்தார்கள். இது கண்டனமன்று, கோழைத்தனம். பெயரை மறைத்துக்கொண்டு ஒரு பெண்ணை மிரட்டுவதில் வீரம் எங்கே இருக்கிறது?

இதனால் நேர்ந்த பலன் என்ன? மூன்றே நாளில் 40 லட்சத்துக்கு மேற்பட்ட பிரதிகள் விற்பனையாகிவிட்டதாக சோனி கம்பெனியார் அறிவித்தார்கள். அவ்வருஷம் டிசம்பரில் அமெரிக்காவில் வழங்கப்பட்ட பரிசுகளில் வருஷத்தின் சிறந்த விளையாட்டு என்ற பட்டத்தை இதுவே பெற்றது. 2021-ல் லாரா பெய்லிக்கு பிரிட்டிஷ் அகாடமியின் நடிப்புப் பரிசும் கிடைத்தது. மெட்டாகிரிட்டிக் ஸ்தாபனத்தாரோ, ஒரு விளையாட்டு வெளிவந்து 36 மணி நேரம் கழிந்த பின்னரே பொதுஜனங்கள் மதிப்பெண் இடலாம் என்று ஒரு விதியை ஏற்படுத்தினார்கள். அதாவது, கூச்சலிட்டவர்கள் தடுக்க நினைத்தது ஒன்றும் தடைப்படவில்லை. அவர்களுக்கு இருந்த சுதந்திரமே குறுகிற்று. நியாயமான குறையைச் சொன்னவனையும் 'அந்த வசைக் கூட்டத்தைச் சேர்ந்தவன்' என்று தள்ளிவிட கம்பெனிக்கு வழி கிடைத்தது.

இதைவிட வருந்தத்தக்க விஷயம் வேறொன்றுண்டு. விளையாட்டு வெளிவருவதற்கு மூன்று மாதம் முன்பே, 2020 மார்ச்சில், நாட்டி டாக் கம்பெனியின் தொழிலாளர் இரவும் விடுமுறை நாளும் பாராமல் உழைத்துக் களைத்துப்போனதைப் பற்றி கொடாக்கு என்ற பத்திரிகை விரிவாக எழுதியிருந்தது. உண்மையில் கம்பெனி முதலாளிகள் ஜனங்களுக்கு முன் நின்று பதில் சொல்லவேண்டிய குற்றச்சாட்டு அதுவே. ஜோயலின் மரணத்துக்காக இட்ட கூச்சலில் நூற்றில் ஒரு பங்காவது அந்தத் தொழிலாளர் பொருட்டு எழுந்ததா? கற்பனைப் பாத்திரத்துக்காகக் கண்ணீர் விட்டவர்கள், அதைப் படைத்தவர்களின் வியர்வையைக் கவனிக்கத் தவறிவிட்டார்கள்.

நல்ல குரலும் இந்த இரைச்சலில் அமுங்கிற்று. காது கேளாதார், கண் பார்வை இல்லாதார், கை விரல்கள் வசப்படாதார் ஆகியோருக்கென்றே அறுபதுக்கு மேற்பட்ட வசதிகளை இவ்விளையாட்டில் அமைத்திருந்தார்கள். பார்வையற்றவர்கள் ஓசையைக் கொண்டே வழியறிந்து, பிறர் உதவியின்றிக் கதையை ஆரம்பமுதல் முடிவுவரை விளையாடி ஆனந்தம் கொண்டார்கள். மற்ற கம்பெனிகளையும் இப்படிச் செய்யும்படி நிர்ப்பந்திக்க அது எவ்வளவு நல்ல சந்தர்ப்பம்!

'கூச்சல் போடாவிட்டால் முதலாளிகள் காதில் எதுவும் ஏறாது' என்று சிலர் சொல்லக்கூடும். ஜப்பான் தேசத்து கேப்காம் கம்பெனியின் சரித்திரம் இதற்கு விடை சொல்லுகிறது. அவர்களுடைய பயங்கர விளையாட்டு வரிசையாகிய 'ரெசிடெண்ட் ஈவில்' ஆறாம் பாகம் 2012-ல் வந்தது. எங்கு பார்த்தாலும் வெடியும் வேட்டும் ஓட்டமும். பயம் மாத்திரம் இல்லை. பழைய நேயர்கள் அதைப் பொறுமையாக விளையாடிப் பார்த்துவிட்டு, 'பயத்தைக் காணோம்' என்று குறையைக் குறிப்பாகச் சொன்னார்கள். விற்பனையும் கம்பெனி எதிர்பார்த்த அளவை எட்டவில்லை. 2017 ஜனவரியில் வந்த ஏழாம் பாகத்தில் உலகப் போராட்டமெல்லாம் மறைந்து, லூசியானா மாகாணத்தில் ஒரு பாழ்வீடும் அதில் ஒரு விபரீதக் குடும்பமும் மாத்திரம் இருந்தன. பழைய பயம் திரும்பி வந்தது. வியாபார நோக்கமும் இதற்குக் காரணமென்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும், எது குறை என்று தெளிவாகச் சொன்னபடியால்தான் எதைத் திருத்துவது என்பது கம்பெனிக்குத் தெரிந்தது. சைபர் போட்டு ஏசினால் எதைத் திருத்துவது?

பொது வேலையில் ஈடுபட்ட நம் நேயர்கள் இந்த இரண்டு சம்பவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டுமென்று கேட்டுக்கொள்ளுகிறோம். முழுவதும் அறிந்த பின் பேசுக. குற்றத்தை இன்னதென்று பிரித்துச் சொல்லுக. தீர்மானித்தவனைக் கேள்வி கேட்டு, ஏவலுக்கு உழைத்தவனை விட்டுவிடுக. நம் பட்சத்தில் ஒருவன் மிரட்டலில் இறங்கினால், எதிரி சொல்லுமுன் நாமே அவனைக் கண்டிக்கவேண்டும். அமெரிக்க வாலிபர்களில் யோக்கியர்கள் அநேகர் இருந்தும், இந்தக் கடைசிக் காரியத்தை முதல் நாளிலேயே செய்யத் தவறிவிட்டார்கள். அதனால் அவர்களுடைய நல்ல வழக்கு விசாரணைக்கு வராமலே தள்ளுபடியாயிற்று.