நோட்டீஸ் எத்தனை நாள்?

தீபாவளிக்கு முந்தின மூன்று மாதமும் ராத்தூக்கம் இல்லாமல் தைத்துக் கொடுப்போம். பொங்கல் கழிந்ததும் ஒரு போன் வரும்: "இனிமே துணி வராதுக்கா, முதலாளி சொல்லிட்டாரு." வீட்டிலேயே மெஷின் போட்டுத் தைக்கிறவர்களுக்கும், சுங்குடிக்கு முடிச்சுப் போடுகிறவர்களுக்கும் இது பழகிப் போன கதை. இன்று கம்ப்யூட்டரில் கணக்கு எழுதுகிற, ஆன்லைனில் டியூஷன் எடுக்கிற நம் பெண்களுக்கும் இதே கதைதான்.

பீடி சுற்றிய பெண்களுக்கு மட்டும் சட்டம் கொஞ்சம் கண் திறந்து பார்த்தது. 1966-ல் வந்த பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வீட்டில் வைத்துச் சுற்றுகிறவர்களையும் சேர்த்துக் கொண்டது. ஆறு மாதம் வேலை பார்த்தவரை நிறுத்த நியாயமான காரணமும், ஒரு மாத நோட்டீஸோ அதற்கு ஈடான கூலியோ வேண்டும் என்றது. தையலுக்கும் சுங்குடிக்கும் அப்படித் தனிச் சட்டம் வரவில்லை. ஆகவே நாம் போடுகிற அக்ரிமென்ட்தான் நமக்குச் சட்டம். அதையோ, ரேட் எவ்வளவு என்று மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டு விடுகிறோம். அதுவும் இங்கிலீஷில் இருந்தால் கேட்கவே வேண்டாம்!

கடைசிப் பக்கத்தில் எங்கோ, "முப்பது நாள் நோட்டீஸ் கொடுத்து ஒப்பந்தத்தை முடித்துக் கொள்ளலாம்" என்று ஒரு வரி இருக்கும். அது என்ன செய்யும் என்பதற்கு ஒரு வழக்கைச் சொல்கிறேன். அமிர்தசரஸில் ஒரு சமையல் காஸ் ஏஜென்சி. 1983-ல் இந்தியன் ஆயில் நிறுவனம் அதை ரத்து செய்தது. ரத்து செய்தது தவறு, ஏஜென்சியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று மத்தியஸ்தர் தீர்ப்பளித்தார். ஆனால் 1990-ல் சுப்ரீம் கோர்ட் வேறு விதமாக முடித்தது. முப்பது நாள் நோட்டீஸில் முடித்துக் கொள்ள ஒப்பந்தத்திலேயே இடம் இருந்தது அல்லவா? அதனால் ஏஜென்சி திரும்பாது, அந்த முப்பது நாள் வருமான நஷ்டம் மட்டும்தான் கிடைக்கும் என்றது. ஏழு வருஷ வழக்கு, முப்பது நாள் பணம்!

நம் வீட்டுக் கணக்கில் பார்ப்போம். பதினொரு மாதத்துக்கு ஆர்டர் என்று நம்பி, மகளிர் குழுவில் கடன் வாங்கி ஓவர்லாக் மெஷின் போட்டிருக்கிறீர்கள். நூல், கரண்ட் போக மாதம் 9,000 ரூபாய் நிற்கிறது. நாலாவது மாதம் திடீரென்று நிறுத்தி விட்டார்கள். நோட்டீஸ் 30 நாள் என்றிருந்தால் 9,000 கேட்கலாம். 7 நாள் என்றிருந்தால் 2,100. பதினொரு மாதம் என்று மட்டும் எழுதி, நடுவில் முடிக்க வழியே சொல்லாமல் இருந்தால், 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 73-வது பிரிவுப்படி மீதி மாதங்களின் நஷ்டத்தையும் கேட்க இடமுண்டு. அப்போதும் நீங்கள் வேறு வேலை தேடிப் பார்த்தீர்களா என்று கோர்ட் கேட்கும். கடன் தவணை அடைபடும் வரையாவது தாங்குகிற மாதிரி, 60 நாள் நோட்டீஸ் கேட்டுப் பாருங்கள். "நோட்டீஸ் காலத்திலும் வழக்கம் போல் வேலை தர வேண்டும், முடித்த வேலைக்கும் பாதியில் நிற்கிற வேலைக்கும் கூலி உண்டு" என்பதையும் எழுதி வாங்குங்கள். வேலையே தராத நோட்டீஸ் காலத்தால் என்ன பிரயோசனம்?

நிறுத்துகிறவர்கள் நாமாகவும் இருக்கலாம். பிரசவம் வரும், மாமியாருக்கு ஆபரேஷன் வரும். அவர்களுக்கு 7 நாள், நமக்கு 60 நாள் என்று இருந்தால் சமமாக்கச் சொல்லுங்கள். "நடுவில் நின்றால் 50,000 ரூபாய் அபராதம்" என்ற வரியைப் பார்த்து மிரள வேண்டாம். 74-வது பிரிவுப்படி அது உச்ச வரம்புதான். அதற்குள் நியாயமான ஈட்டை மட்டுமே கோர்ட் தரும். ஆனால் வாங்கின அட்வான்ஸையும் துணியையும் திருப்பித் தந்துதான் ஆக வேண்டும். "நின்ற பிறகு ஒரு வருஷம் வேறு யாருக்கும் தைக்கக் கூடாது" என்ற நிபந்தனை 27-வது பிரிவுப்படி செல்லாது.

"நீங்க தொழிலாளி இல்ல, கான்ட்ராக்டர்" என்று எழுதிவிட்டால் அதுவே முடிவும் அல்ல. அன்றைய ஆந்திரப் பிரதேசத்தில் சில்வர் ஜூபிலி டெய்லரிங் ஹவுஸ் என்ற தையல் கடையில் பீஸ் ரேட்டுக்குத் தைத்தவர்களை ஊழியர்கள்தான் என்று 1973-ல் சுப்ரீம் கோர்ட் சொன்னது. மெஷின் கடையுடையது, தைத்தது சரியில்லை என்றால் திருப்பித் தரும் உரிமையும் கடைக்கு இருந்தது. சொந்த மெஷினில் வீட்டிலேயே தைக்கிறவர்களுக்கு இது அவ்வளவு எளிதாகப் பொருந்தாது. மெஷினைக் கொடுத்தது அவர்களா என்பதை வக்கீலிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

நின்று போன கூலிக்கு இன்னொரு வழி உண்டு. உத்யம் பதிவு இணையத்தில் கட்டணமில்லாமல் செய்யலாம். பதிந்திருந்தால் 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு தொழில் சட்டப்படி, வேலையை ஏற்றுக் கொண்ட 45 நாளுக்குள் பணம் வந்தாக வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி. வேலை ஆரம்பிக்கும் முன்பே பதிந்து விடுங்கள், பாக்கி விழுந்த பிறகு ஓடிப் போய்ப் பதிந்தால் சிக்கல். புகாரை விசாரிக்கிற மன்றம் மதுரையிலேயே இருக்கிறது. மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டால் வழி சொல்வார்கள்.

வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம். 1987-ஆம் ஆண்டின் சட்டப்படி, வருமானம் எவ்வளவு ஆனாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்றத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் நேரில் கேட்கலாம், அல்லது 15100-க்குப் போன் செய்யலாம். பாக்கிக்கு வழக்குப் போட மூன்று வருஷம்தான் அவகாசம். போகும்போது அக்ரிமென்ட், துணி வாங்கிக் கொடுத்த சீட்டுகள், வங்கிப் பாஸ்புக், அந்த வாட்ஸ்அப் பேச்சு அழியாமல் இருக்கிற போன், எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்.