லாரித் தண்ணீரும் தெருவில் கிடக்கும் ஹோஸும்



ஒரு கேள்வியோடு ஆரம்பிக்கிறேன். உங்க வீட்டுச் சம்ப்பைக் கடைசியாகக் கழுவிய தேதி என்ன?

"தேதி ஞாபகம் இல்ல டாக்டர், போன வருஷமா இருக்கும்" என்பவர்கள் இதைக் கடைசிவரை படியுங்கள். "சம்ப்பை எல்லாம் கழுவணுமா?" என்பவர்கள் ரெண்டு தடவை படியுங்கள்.

நானும் யோக்கியன் இல்லை. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

நான் வேலை பார்க்கும் அரசு மருத்துவமனைக்கு மஞ்சள் காமாலையோடு ஒரு இளைஞர் வந்தார். ரெண்டு நாள் கழித்து இன்னொருவர். விலாசத்தைப் பார்த்தால் ரெண்டு பேரும் ஒரே அடுக்குமாடிக் குடியிருப்பு. அடுத்த வாரம் அங்கிருந்தே ஒரு கர்ப்பிணி, 7-வது மாதம். பரிசோதனையில் ஹெபடைடிஸ் ஈ.

இந்த வைரஸ் சாதாரணமாக ஒரு ஆளைச் சில வாரம் படுக்க வைத்துவிட்டுப் போய்விடும். ஆனால் கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் வந்தால் கதையே வேறு. அந்த நிலையில் இந்நோய் வந்தவர்களில் 20 முதல் 25 சதவீதம் பேர் வரை இறக்கக்கூடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

9 நாள் ஐ.சி.யூ.வில் இருந்தார். தாயைக் காப்பாற்றினோம். குழந்தையைக் காப்பாற்ற முடியவில்லை.

அவருடைய கணவர் என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான். "சார், நாங்க வெளியில சாப்பிடுறதே இல்ல. வீட்ல ஆர்.ஓ. மெஷின் வேற இருக்கு."

இங்கேதான் நாம் எல்லாரும் ஏமாறுகிறோம்.

மஞ்சள் காமாலை என்றதும் நாம் முதலில் நேற்று சாப்பிட்ட பரோட்டாவைத் திட்டுவோம். ஆனால் கிருமி உடம்புக்குள் போய் நோயாக வெளிப்பட ஒரு காலக்கெடு உண்டு.

காலரா: சில மணி நேரம் முதல் 5 நாள்.
டைபாய்டு: பெரும்பாலும் 1 முதல் 3 வாரம்.
ஹெபடைடிஸ் ஏ: 15 முதல் 50 நாள்.
ஹெபடைடிஸ் ஈ: 2 முதல் 10 வாரம்.

அதாவது இன்றைக்குக் கண் மஞ்சளாகிறது என்றால், குற்றவாளி போன மாசம் வந்த லாரித் தண்ணீராகக்கூட இருக்கலாம். யாருக்கு அது ஞாபகம் இருக்கும்? பழி மட்டும் பரோட்டா மாஸ்டர் மேல்.

சரி, ஆர்.ஓ. இருக்கிறதே? இருக்கிறது. குடிக்கிற தண்ணீருக்கு மட்டும். பல் தேய்த்து வாய் கொப்பளிப்பது எந்தத் தண்ணீரில்? கொத்தமல்லி கழுவுவது? தட்டும் டம்ளரும் கழுவுவது? எல்லாம் சம்ப் தண்ணீர்தானே!

அந்தக் குடியிருப்புக்குச் சுகாதார ஆய்வாளரோடு நானும் போனேன். குளோரோஸ்கோப்பில் சம்ப் தண்ணீரை எடுத்து மருந்துச் சொட்டு விட்டார். தண்ணீரில் குளோரின் இருந்தால் மஞ்சள் நிறம் வரவேண்டும். துளிகூட வரவில்லை.

நாங்கள் நிற்கும்போதே ஒரு தண்ணி லாரி வந்தது. கிளீனர் தம்பி இறங்கினார். ஹோஸைத் தரையில் இழுத்துக்கொண்டே வந்தார். சாக்கடை ஓரம், நாய் படுத்திருந்த இடம், குப்பைத் தொட்டி பக்கம் எல்லாவற்றையும் தொட்டுக்கொண்டு வந்த முனை நேராகச் சம்ப்புக்குள் போனது. ஹோஸின் கடைசி ஒரு மீட்டர் தண்ணீருக்குள்ளேயே மூழ்கிக் கிடந்தது.

அந்த நோய்க்கு இந்த ஹோஸ்தான் காரணம் என்று என்னால் நிரூபிக்க முடியாது. தண்ணீர் எடுத்த கிணறாக இருக்கலாம், கசிந்த சாக்கடையாக இருக்கலாம். ஆனால் வாசல் இப்படித் திறந்து கிடந்தால் திருடன் எந்த வழியாக வந்தான் என்ற ஆராய்ச்சி அப்புறம். முதலில் வாசலைச் சாத்தணும்.

ஹோஸுக்குள் என்ன நடக்கிறது?

3 அங்குல விட்டம், 10 மீட்டர் நீளம் உள்ள ஹோஸ் என்று வையுங்கள். கணக்குப் போட்டால் அது நிறைந்திருக்கும்போது உள்ளே 45 லிட்டர் தண்ணீர் இருக்கும். லாரி கிளம்பும்போது அதை முழுசாக வடிய விடாமல் சுருட்டிக் கட்டுகிறார்கள். மிச்சத் தண்ணீர் வெயிலில் வெதுவெதுப்பாக உள்ளேயே நிற்கிறது. சில நாளில் உள்சுவரில் ஒரு வழவழப்பு படியும். பழைய வாளியின் உள்பக்கம் கை வைத்தால் வழுக்குமே, அதேதான். மருத்துவத்தில் இதை பயோஃபிலிம் என்போம். கிருமிகள் தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொள்ளும் போர்வை. அந்தப் போர்வைக்குள் இருக்கும் கிருமியிடம் சாதாரண அளவு குளோரின் லேசில் நெருங்க முடியாது.

சம்ப்பிலும் இதே கதைதான். கூடவே அடியில் சேறு. நீங்கள் போடும் குளோரினை அந்தச் சேறே தின்று தீர்த்துவிடும். தண்ணீரைக் காக்க மிச்சம் இருக்காது. அதனால் "நாங்கதான் ப்ளீச்சிங் பவுடர் போடுறோமே" என்பது பதில் ஆகாது. கழுவாத பாத்திரத்தில் பாலைக் காய்ச்சி ஊற்றி என்ன பிரயோஜனம்?

இப்போது என் கதை. அன்று வீட்டுக்கு வந்து என் சம்ப் மூடியைத் திறந்தேன். நாலு கரப்பான் பூச்சி, அடியில் விரல் உயரத்துக்குச் சேறு. கழுவி ரெண்டு வருஷம் ஆகியிருந்தது. ஊருக்கெல்லாம் கை கழுவச் சொல்லும் டாக்டர் வீட்டு லட்சணம் இது. வெட்கமாகத்தான் இருந்தது.

அமெரிக்காவில் ஆர்.வி. என்று ஒரு வண்டி உண்டு. சமையலறை, படுக்கை, கழிவறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வீட்டு வண்டி. அதில் ஊர் சுற்றுபவர்கள் குடிநீருக்கென்றே தனி ஹோஸ் வைத்திருப்பார்கள், பெரும்பாலும் வெள்ளை அல்லது நீல நிறம். கழிவுத் தொட்டியைக் கழுவும் ஹோஸ் வேறு நிறம், வேறு பெட்டி. வேலை முடிந்ததும் குடிநீர் ஹோஸை வடியவிட்டு, ரெண்டு முனைகளையும் ஒன்றோடு ஒன்று திருகி மூடிவிடுவார்கள். அவ்வப்போது தண்ணீர்த் தொட்டிக்குக் குளோரின் விட்டுக் கழுவுவார்கள்.

ஒரே ஒரு குடும்பம் புழங்கும் தொட்டிக்கு அவ்வளவு கவனம். நம்ம ஊரில் ஒரு நாளில் எத்தனையோ குடும்பங்களுக்குத் தண்ணீர் இறக்கும் லாரி ஹோஸுக்கு ஒரு மூடிகூட இல்லை.

லாரி வந்தால் என்ன செய்யலாம்?

1. ஹோஸ் முனை தரையில் படக்கூடாது. பட்டுவிட்டால் ஒரு வாளி ப்ளீச்சிங் கரைசலில் முனையை உள்ளும் வெளியும் கழுவிய பிறகே சம்ப்புக்குள் விடணும்.
2. முதலில் வரும் ரெண்டு மூணு வாளித் தண்ணீரைச் செடிக்கு விடுங்கள். ஹோஸுக்குள் தேங்கிய பழைய தண்ணீர் அதோடு போய்விடும்.
3. ஹோஸ் முனை சம்ப் தண்ணீரைத் தொடாமல் மேலேயே நிற்கட்டும். வாயில் ஒரு கம்பியோ கொக்கியோ இருந்தால் போதும்.
4. கிளீனர் தம்பியை அதட்டாதீர்கள். மூடியும் கொக்கியும் வாங்கித் தராதது அவர் தப்பில்லை. "தம்பி, கொஞ்சம் தூக்கிப் பிடிச்சுக்கப்பா" என்றால் செய்கிறார்கள். நான் சொல்லிப் பார்த்துவிட்டேன்.

சம்ப்பும் மேல்தொட்டியும் கழுவுவது எப்படி?

6 மாதத்துக்கு ஒரு முறையாவது கழுவுங்கள். மழை வெள்ளமோ சாக்கடையோ உள்ளே புகுந்தால் நாள் கணக்குப் பார்க்காமல் உடனே. 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் பார்த்த சென்னைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ரோட்டை உயர்த்தி உயர்த்திப் போட்டதில் பல வீடுகளில் சம்ப் மூடி இப்போது ரோட்டுக்குக் கீழே இருக்கிறது.

தண்ணீரைத் தீர்த்து, சேற்றை அள்ளி, சுவரை நன்றாகத் தேய்க்கணும். தேய்ப்பது முக்கியம். ஏன் தெரியுமா? டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையைத் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டி வைக்கும். தொட்டி காய்ந்தாலும் அந்த முட்டை மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். மறுபடி தண்ணீர் ஏறினால் பொரியும்.

பிறகு 10 லிட்டர் தண்ணீரில் 6 கிராம், அதாவது சுமார் ரெண்டு தேக்கரண்டி ப்ளீச்சிங் பவுடரைக் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிய விட்டு, தெளிந்த நீரைச் சுவர் முழுக்க அடியுங்கள். அரை மணி நேரம் விட்டுக் கழுவி வெளியேற்றுங்கள். தொட்டியை நிரப்பிக் கொட்டத் தேவையில்லை, தண்ணீரும் மிச்சம்.

புதுத் தண்ணீர் நிரப்பியதும் 1000 லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல ப்ளீச்சிங் பவுடர். 12 ஆயிரம் லிட்டர் லாரித் தண்ணீருக்கு 30 கிராம். இதையும் கரைத்துத் தெளிய வைத்தே ஊற்றணும். ஒரு மணி நேரம் கழித்துப் புழங்கலாம். தண்ணீரில் மிச்சக் குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும் என்பது இந்தியக் குடிநீர்த் தர அளவு. திறந்து வைத்த பவுடர் வீரியம் இழந்துவிடும். சின்னப் பாக்கெட்டாக வாங்கி, காற்றும் வெயிலும் படாமல் வையுங்கள்.

இனி சொல்வதைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள்.

ப்ளீச்சிங் பவுடரோடு ஆசிட்டோ கழிவறை கழுவும் திரவமோ சேரவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும். மூடிய சம்ப்புக்குள் அது ஆளைக் கொன்றுவிடும்.

நெடுநாள் மூடிக் கிடந்த சம்ப்பில் ஆக்சிஜன் இல்லாமல் போகலாம். புதுச் சம்ப்பில் சென்ட்ரிங் பலகை பிரிக்க இறங்கியவர்கள் இறந்திருக்கிறார்கள். மூடியைச் சில மணி நேரம் திறந்து போடுங்கள். காற்று போக ஃபேன் வையுங்கள். மோட்டாரின் மின் இணைப்பைத் துண்டியுங்கள். டீசல் பம்ப்பை உள்ளே இறக்காதீர்கள். ஆள் தனியாக இறங்கக் கூடாது, இடுப்பில் கயிறும் மேலே ஒருவரும் இருக்கணும். உள்ளே மயங்கினால் நீங்களும் குதிக்காதீர்கள். கயிற்றால் இழுங்கள், தீயணைப்புத் துறையை அழையுங்கள். முடிந்தவரை நீளக் கைப்பிடி பிரஷால் மேலிருந்தே தேய்ப்பது நல்லது.

நம் வீடு சுத்தமாவதற்காக இன்னொரு வீட்டில் ஒரு உயிர் போகக்கூடாது.

கடைசியாக என் கருத்து.

ஆர்.ஓ. மெஷினுக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கத் தயங்காத நாம், சம்ப் கழுவும் கூலிக்கு அசோசியேஷன் மீட்டிங்கில் அரை மணி நேரம் சண்டை போடுகிறோம். லிஃப்ட் பராமரிப்புக்குத் தேதி இருக்கிறது, ஜெனரேட்டருக்குத் தேதி இருக்கிறது, சம்ப்புக்கு மட்டும் இல்லை. பல கிராமங்களில் மேல்நிலைத் தொட்டியில் சுத்தம் செய்த தேதியும் அடுத்து செய்யவேண்டிய தேதியும் பெயின்ட்டில் எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். படித்தவர்கள் வாழும் அடுக்குமாடிக்கு அது ஏன் எட்டவில்லை?

ஆனால் எல்லாப் பொறுப்பையும் மக்கள் தலையில் கட்டுவது நியாயமில்லை. தண்ணீர் விற்பது வியாபாரம். வியாபாரம் என்றால் விதி வேண்டும். ஒவ்வொரு லாரி ஹோஸுக்கும் மூடி, சுருட்டி மாட்டக் கொக்கி, தொட்டி கழுவிய தேதி லாரியின் பின்னால் எழுத்தில், தண்ணீர் இறக்கும்போது கேட்டால் வாசலிலேயே குளோரின் சோதனை. இந்த நாலும் இல்லாத லாரிக்கு உள்ளாட்சி அமைப்புகள் அனுமதி தரக்கூடாது. இதற்குப் பெரிய செலவு இல்லை. கேட்பதற்கு ஆள் இல்லை, அவ்வளவுதான்.

கேட்போம்.

அதுவரை குடிக்கும் நீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள், கொப்பளிக்கவும் அதையே வையுங்கள். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் கூடுதல் கவனம். கண் மஞ்சளானால் நாட்டு மருந்தில் நாளைக் கடத்தாமல் அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள்.

இப்போ போனைக் கீழே வைத்துவிட்டுச் சம்ப் மூடியைத் திறந்து பாருங்க. பார்த்துவிட்டு மறுபடி மூடிப் பூட்டிடுங்க, சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீடு. கழுவியதும் மூடியின் உள்பக்கம் தேதி எழுதுங்க. நான் எழுதிவிட்டேன்.