தாலி ஏறியாச்சு, பதிவு ஆச்சா?

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க.

போன வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சு அன்னதானப் பாத்திரம் கழுவிக்கிட்டு இருந்தேன். ஒரு தங்கச்சி வந்து நின்னுச்சு. தமிழ்நாட்டுப் பொண்ணு, நம்ம ஊர்ப் பையனைக் கட்டிக்கிட்டு வந்தது. "அண்ணே, என் பிள்ளையோட சூராட் பெரானாக்ல குடியுரிமை இல்லாதவர்னு போட்டிருக்காங்க. அப்பா மலேசியாக்காரர்தானே?" என்று கேட்டுச்சு.

விசாரிச்சேன். கல்யாணம் நம்ம கோயிலில்தான் நடந்தது. நானும் அன்னைக்குப் பந்தியில சாம்பார் ஊத்தினேன். ஆனால் திருமணப் பதிவு நடக்கல. "அப்புறம் பார்த்துக்கலாம்"னு விட்டு, பிள்ளை பிறந்த பிறகுதான் பதிவு செய்திருக்காங்க.

சட்டம் இதுதான். 1982 மார்ச் 1 முதல், முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணம் 1976-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவாகணும். அதுக்கு முன்னே நம்ம தாத்தா பாட்டி தோட்டத்துக் கோயிலில் தாலி கட்டினது செல்லும். இப்போ வெறும் தாலி செல்லாது. பதிவு இல்லைன்னா பிள்ளை தாயின் குடியுரிமையைப் பின்பற்றும். தாய் வெளிநாட்டவர்னா பிள்ளையும் அப்படித்தான்.

பிறகு பதிவு செய்தால் சரியாகிடும்னு நினைக்காதீங்க. மலேசிய அப்பா, பிலிப்பைன்ஸ் அம்மா, பிள்ளை பிறந்து சில மாதம் கழித்துத் திருமணம். அந்த வழக்கில் 2021 மே மாதம் கூட்டரசு நீதிமன்றம் 4-க்கு 3 என்று பிள்ளைக்கு எதிராகவே தீர்ப்பு சொன்னது. அப்புறம் இருக்கிற வழி, அரசாங்கத்திடம் விண்ணப்பம் போட்டுக் காத்திருப்பது. கிடைக்கும்னு உறுதி இல்லை.

மனைவி நிலைமையும் அதேதான். குடிநுழைவு இலாகாவில் துணைவருக்கான நீண்டகால பாஸ் கேட்டால் முதலில் திருமணச் சான்றிதழைத்தான் கேட்பாங்க. அது இல்லைன்னா டூரிஸ்ட் பாஸ் முடிஞ்ச நாளிலிருந்து அந்தப் பொண்ணு பயந்து பயந்துதான் வாழணும். வெளியே வேலைக்கும் போக முடியாது.

சில பெரியவங்க, "கோயில் சாமி கும்பிடுற இடம், இலாகா ஆபிஸ் இல்லை"ன்னு சொல்றாங்க. மதிக்கிறேன். ஆனால் மண்டபத்துக்கு முன்பணம் வாங்கும்போது பேர், தேதி, எத்தனை பேர் சாப்பாடுன்னு எல்லாம் கேட்கிறோமே? "பதிவு ஆச்சா?"ன்னு இன்னொரு கேள்வி கேட்டால் என்ன குறைஞ்சிடும்? நான் வேலை செய்யிற பேக்டரியில் ஒரு பெட்டி வெளியே போகணும்னாகூட நான் கையெழுத்துப் போடணும். ஒரு குடும்பத்தை ஆரம்பிச்சு வைக்கிற நம்ம பாரத்தில் அதுக்கு ஒரு கட்டம்கூட இல்லை.

பதிவு இல்லாதவங்களை விரட்டச் சொல்லல. விரட்டினால் வேற கோயிலில் போய்த் தாலி கட்டுவாங்க, பிரச்சினை அப்படியே இருக்கும். நான் சொல்றது, கூட்டிக்கிட்டுப் போவோம்.

நிர்வாகத்துக்கு என் வேண்டுகோள்:

1. மண்டபம் பதியும்போதே தேசியப் பதிவு இலாகா விஷயத்தைச் சொல்லுங்க. அறிவிப்புக்கே 21 நாள் வேணும். வெளிநாட்டவருக்குத் திருமணமாகாதவர் என்ற சான்றிதழ் வேணும், அதுக்கு இன்னும் நாளாகும்.

2. அரசாங்கம் நியமிச்ச துணைப் பதிவதிகாரிகள் சில கோயில்களில் இருக்காங்க. நம்ம கோயிலுக்கும் ஒருத்தர் கிடைக்க முயற்சி பண்ணுங்க. முகூர்த்தத்தன்னைக்கே கையெழுத்தும் முடிஞ்சிடும்.

3. இந்தியாவில் கல்யாணம் முடிச்சு வர்றவங்களும் இங்கே பதியணும். கெடு 6 மாதம். அங்கே வாங்கின சான்றிதழ் மட்டும் போதும்னு இருந்துடாதீங்க.

அந்தத் தங்கச்சியோட நானும் சம்சாரமும் அலோர்ஸ்டாருக்குப் போகப் போறோம். விவரம் தெரிஞ்சவங்க உதவி பண்ணுங்க. அது கேட்ட கேள்வி அதோட புருஷனுக்கு மட்டும் இல்லை. அன்னைக்கு அட்சதை போட்ட நமக்கும்தான்.

அம்மன் துணை.